அடுக்கிப் போடுவதா, கலந்து போடுவதா? இயற்கணிதப் பயிற்சியில் எந்த வழி எதற்கு உதவும்

பயிற்சிப் புத்தகத்தில் 'நேரியல் சமன்பாடுகள்' என்ற தலைப்பின் கீழ் ஒரே அச்சில் வார்த்த இருபது கணக்குகள் இருக்கும். முதல் மூன்றைப் போட்டதும் கை பழகிவிடும். மீதி பதினேழும் தானாக ஓடும், இருபதும் சரியாக வரும். இரண்டு வாரம் கழித்து அதே கணக்கு தலைப்பில்லாமல், வேறு வகைக் கணக்குகளுக்கு நடுவே வரும்போது பேனா நின்றுவிடும். இதற்குச் சோம்பலோ மறதியோ மட்டும் காரணமல்ல. சித்திரமும் கைப்பழக்கம் என்பது உண்மைதான். ஆனால் இயற்கணிதத்தில் கைக்கு முன்னால் கண் பழக வேண்டும். இது எந்த வகை, எந்த முறை இதற்குப் பொருந்தும் என்று பார்க்கும் கண் அது. தலைப்பே அந்த வேலையைச் செய்து கொடுத்துவிட்டால் கண்ணுக்குப் பயிற்சியே கிடைப்பதில்லை.

ஆகவே பயிற்சிக்கு வழி தேடுபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எத்தனை கணக்கு போடுவது என்பதை அல்ல, எந்த வரிசையில் போடுவது என்பதைத்தான். சமன்பாடு, அசமன்பாடு, வார்த்தைக் கணக்கு ஆகிய மூன்றுக்கும் ஒரே பதில் இல்லை. மூன்றும் சறுக்கும் இடங்கள் வேறு வேறு. (இந்தக் கட்டுரையில் மாறிகளைக் க, ம என்று எழுதியிருக்கிறோம். எழுத்து எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.)

ஒரே வகையை அடுக்குவதும் பல வகையைக் கலப்பதும்

கலந்து போடும்போது பயிற்சி மோசமாகப் போவதுபோல் தெரியும். அதனாலேயே பலர் அதைப் பாதியில் கைவிடுகிறார்கள். ரோரர், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட சோதனை இதை எண்களில் காட்டுகிறது. கல்லூரி மாணவர்களுக்கு நான்கு திண்ம உருவங்களின் கன அளவு காணும் கணக்குகள் தரப்பட்டன. ஒரே வகையை அடுக்கிப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது அடுக்கிப் போட்டவர்கள் 20 சதவீதத்துக்கு விழுந்தார்கள். கலந்து போட்டவர்கள் 63 சதவீதம் எடுத்தார்கள்.

2015-இல் ரோரரும் வேறு இருவரும் 7-ஆம் வகுப்பு மாணவர்கள் 126 பேரிடம் சாய்வு, வரைபடம் ஆகிய பாடங்களில் இதையே சோதித்தார்கள். கடைசித் திருப்புதலுக்கு மறுநாள் வைத்த தேர்வில் கலந்து போட்டவர்கள் 80, அடுக்கிப் போட்டவர்கள் 64. முப்பது நாள் கழித்து வைத்த தேர்வில் 74-க்கு 42. நாள் ஆக ஆக இடைவெளி பெரிதாவதைக் கவனிக்க வேண்டும். அடுக்கிப் படித்தது சீக்கிரம் கரைகிறது.

இதைப் படித்துவிட்டு அடுக்குப் பயிற்சியே வேண்டாம் என்று ஒதுக்குவதும் தவறு. புதிதாக ஒரு விதியைக் கற்ற அன்று அதே வகையில் நான்கிலிருந்து ஆறு கணக்கு போட்டே ஆக வேண்டும். அடைப்பை விரிக்கவே தெரியாதவருக்குக் கலப்புத் தாளைக் கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். குறிகளின் கூட்டல் கழித்தல், பின்னங்களின் சுருக்கம் போன்ற அடித்தள வேலைகளுக்கும் அடுக்குப் பயிற்சியே சரி. −7 − (−3) எவ்வளவு என்று யோசித்து நிற்பவருக்கு அசமன்பாட்டைப் பற்றி நினைக்க மனத்தில் இடம் இருக்காது. நாளைய தேர்வில் ஒரே ஒரு பாடம்தான் என்றால் இன்றிரவு அடுக்கிப் போடலாம், பலன் இருக்கும். அது அடுத்த மாதம் வரை நிற்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

நல்ல கலப்புத் தாள் எப்படி இருக்கும்? பத்துக் கணக்கு என்றால் மூன்று இன்றைய பாடத்திலிருந்து, நான்கு கடந்த இரண்டு வாரத்திலிருந்து, மூன்று அதற்கும் முந்தியவற்றிலிருந்து எடுக்கலாம். இவற்றுள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்து முறையில் வேறுபடும் ஜோடிகள் இருப்பது அவசியம். க² = 5க என்பதையும் 2க = 5க − 9 என்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதலாவதை க-வால் வகுத்து க = 5 என்று மட்டும் எழுதுகிறவர்கள் க = 0 என்ற தீர்வை அங்கேயே தொலைக்கிறார்கள். அதேபோல் 2(க + 3) = 2க + 6, 2(க + 3) = 2க + 5 இரண்டையும் ஒரே தாளில் வைக்கலாம். முன்னது எல்லா எண்ணுக்கும் உண்மை, பின்னதற்குத் தீர்வே இல்லை. இரண்டிலும் க மறைந்துபோகிறது. மறைந்தபின் மிஞ்சும் வரியை வாசிக்கத் தெரிவதுதான் இங்கே பயிற்சி.

தீர்த்துக் காட்டிய கணக்கைப் படிப்பது எப்போது உதவும்

எடுத்துக்காட்டுகளைப் பார்ப்பது சோம்பேறித்தனம், தானே முட்டி மோதினால்தான் கணக்கு வரும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தொடக்க நிலையில் அது பொருந்தாது. ஸ்வெல்லர், கூப்பர் இருவரும் 1985-இல் இயற்கணிதக் கணக்குகளையே வைத்துச் சோதித்தார்கள். தீர்த்த கணக்கு ஒன்று, அதே போன்ற தீர்க்காத கணக்கு ஒன்று என்று ஜோடியாகப் படித்தவர்கள், எல்லாவற்றையும் தாங்களே போட்டவர்களைவிட அதே வகைக் கணக்குகளைக் குறைந்த நேரத்தில், குறைந்த பிழையுடன் செய்தார்கள். வழி தெரியாத நிலையில் விடையை மட்டும் நோக்கித் தடுமாறும்போது, வழியைக் கவனிக்க மனத்தில் இடம் மிஞ்சுவதில்லை என்பதே அவர்கள் தந்த விளக்கம்.

ஆனால் எடுத்துக்காட்டைக் கதை படிப்பதுபோல் படித்தால் ஒன்றும் ஒட்டாது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'ஏன்' என்று நான்கைந்து சொற்களில் எழுத வேண்டும். 'இரு பக்கமும் 6-ஆல் பெருக்கினேன், பகுதிகள் 2, 3 போக' என்பது போதும். அடுத்த கணக்கில் கடைசி வரியை மட்டும் மறைத்துவிட்டுத் தானே முடிக்கவும், அதற்கடுத்ததில் கடைசி இரண்டு வரி. இப்படி முடிவிலிருந்து மறைத்துக்கொண்டே வந்தால் ஐந்தாறு கணக்கில் முழுக் கணக்கும் கைக்கு வந்துவிடும். வந்த பிறகு எடுத்துக்காட்டுகளை விட்டுவிட வேண்டும். தேர்ந்தவருக்கு அவை நேர விரயம், சில சமயம் இடைஞ்சலும்கூட.

சமன்பாடு: பக்கம் மாற்றுவதா, இரு பக்கமும் ஒன்றையே செய்வதா

'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்பது வேகமான வழி. அதில் இரண்டு அபாயங்கள் உண்டு. 5க = 20 என்பதில் 5-ஐ 'அந்தப் பக்கம்' அனுப்பி க = 20 − 5 என்று எழுதுவது ஒன்று. −3க = 12 என்பதில் 3 மட்டும் கீழே போய், குறி வழியில் தொலைந்து, க = 4 ஆவது இன்னொன்று. எதுவும் 'போவதில்லை' என்று தெரிந்தவருக்கு இந்தப் பிழை வராது. முதல் கணக்கில் இரு பக்கத்தையும் 5-ஆல் வகுக்கிறோம், இரண்டாவதில் −3-ஆல். ஏறக்குறைய கி.பி. 820-இல் அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரில் உள்ள 'அல்-ஜப்ர்' என்ற சொல்லிலிருந்துதான் ஐரோப்பிய மொழிகள் இயற்கணிதத்துக்குப் பெயர் எடுத்தன. ஒரு பக்கத்தில் கழிந்து நிற்பதை இரு பக்கமும் கூட்டி நிரப்புவதைத்தான் அந்தச் சொல் குறித்தது. பக்கம் மாற்றுவது அதன் சுருக்கெழுத்து. முதல் இரண்டு வாரம் இரு பக்கச் செயலை முழுதாக எழுதுங்கள். பிறகு சுருக்கிக்கொள்ளலாம். முதலிலேயே சுருக்கெழுத்தைக் கற்றால், பிழை எங்கே என்று தேட விரித்தெழுத்து கையில் இருக்காது.

சமன்பாட்டுப் பயிற்சியில் மிகப் பெரிய வசதி, விடையைத் தானே சோதித்துக்கொள்ளலாம் என்பது. ஆனால் எந்த வரியில் பிரதியிடுகிறோம் என்பது முக்கியம். 3க − 5(க − 2) = 4 என்ற கணக்கில் அடைப்பை விரிக்கும்போது −10 என்று எழுதிவிட்டால் −2க − 10 = 4 ஆகி க = −7 வரும். அந்த விடையை இரண்டாம் வரியில் போட்டுப் பார்த்தால் 14 − 10 = 4, எல்லாம் சரியாகத் தோன்றும். கொடுக்கப்பட்ட முதல் வரியில் போட்டால்தான் −21 + 45 = 24 என்று பிழை வெளியே வரும். சரியான விரிவு −2க + 10 = 4, விடை க = 3. எப்போதும் அச்சிட்ட வரியில்தான் சோதிக்க வேண்டும். தானே எழுதிய வரியில் சோதித்தால், முன்பு செய்த பிழையும் சேர்ந்தே சரியாகிவிடும்.

பின்னச் சமன்பாட்டில் இரண்டு இடங்களைக் கவனித்தால் போதும். (க + 1)/2 − (க − 3)/3 = 2 என்பதை 6-ஆல் பெருக்கும்போது வலப்பக்கத்து 2-உம் 12 ஆக வேண்டும். தொகுதிகளுக்கு அடைப்பு போட வேண்டும்: 3(க + 1) − 2(க − 3) = 12. இரண்டாவது அடைப்பு இல்லாவிட்டால் +6 வர வேண்டிய இடத்தில் வேறேதோ வரும். விடை க = 3.

வர்க்கமூலம் உள்ள கணக்கில் சோதிப்பது கட்டாயம். √(க + 6) = க என்பதை இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 3, −2 என இரண்டு மதிப்பு வரும். −2-ஐப் போட்டால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் −2. அது வர்க்கப்படுத்தியதால் நுழைந்த போலி மூலம், தள்ளிவிட வேண்டும்.

இரு மாறிச் சமன்பாடுகளில் பிரதியிடல், நீக்கல் இரண்டில் எது நல்லது என்று கேட்பதைவிடக் கெழுக்களைப் பார்ப்பது மேல். ஏதாவது ஒரு கெழு 1 அல்லது −1 என்றால் பிரதியிடல் சுலபம். ம = 2க − 1, 3க + 4ம = 29 என்பது அப்படிப்பட்டது (க = 3, ம = 5). 3க + 4ம = 10, 5க − 6ம = 4 என்பதில் பிரதியிடப் போனால் பின்னத்தில் மாட்டிக்கொள்வோம். 4, 6 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 12, ஆகவே முதலாவதை 3-ஆல், இரண்டாவதை 2-ஆல் பெருக்கிக் கூட்டினால் 19க = 38. க = 2, ம = 1. நீக்கல் முறையில் பிழை பெரும்பாலும் கழிக்கும்போதுதான் வருகிறது. 2க − 3ம = 7-இலிருந்து 2க + 5ம = −1-ஐக் கழிக்கும்போது 5ம-வின் குறியோ −1-இன் குறியோ மாறாமல் நின்றுவிடும். இரண்டாவதை முதலில் −1-ஆல் பெருக்கி எழுதிவிட்டு, பிறகு எப்போதும் கூட்டுவது என்று வைத்துக்கொண்டால் இந்தப் பிழை அடியோடு போகும். வரைபட முறை துல்லியமான விடைக்கு உதவாது. ஒரு தீர்வா, தீர்வே இல்லையா, எண்ணற்ற தீர்வுகளா என்பதைக் கண்ணால் காண அதைவிட நல்ல வழியும் இல்லை.

இருபடிச் சமன்பாட்டில் தன்மைக்காட்டியை (நடுக்கெழுவின் வர்க்கத்திலிருந்து, முதல் கெழு, மாறிலி இரண்டின் பெருக்கலின் 4 மடங்கைக் கழித்தது) முதலில் கணக்கிடுவது நல்ல பழக்கம். 6க² − 7க − 3 = 0 என்பதில் அது 49 + 72 = 121, முழு வர்க்கம். ஆகவே காரணிப்படுத்த முடியும் என்று உறுதியாகத் தெரிந்தபின் தேடலாம்: (3க + 1)(2க − 3). க² − 4க − 7 = 0 என்பதில் 44 வருகிறது, முழு எண் காரணிகளைத் தேடுவது வீண். முதல் கெழு 1, நடுக்கெழு இரட்டை எண் என்பதால் வர்க்கப் பூர்த்தி இங்கே சூத்திரத்தைவிடச் சுருக்கம்: (க − 2)² = 11, க = 2 ± √11. மூன்று கணக்கை ஒரே முறையில் போடுவதற்குப் பதில் ஒரே கணக்கை மூன்று முறையிலும் போட்டுப் பார்ப்பது இந்தப் பாடத்துக்கு மிகவும் ஏற்ற பயிற்சி. எது எங்கே சுருக்கம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

அசமன்பாடு: பழைய பழக்கமே எதிரியாகும் இடம்

சமன்பாட்டில் நன்றாகத் தேர்ந்தவர்கள்தான் இங்கே அதிகம் சறுக்குகிறார்கள். குறி வேறு, மற்றதெல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பதே காரணம்.

7 − 2க < 15 என்பதற்கு இரண்டு வழி. −2க < 8 என்று கொண்டுவந்து −2-ஆல் வகுத்துக் குறியைத் திருப்புவது ஒன்று: க > −4. மாறியை அதன் கெழு மிகை எண்ணாக வரும் பக்கத்துக்குக் கொண்டுபோவது இன்னொன்று: 7 − 15 < 2க, அதாவது −4 < க. இரண்டாவதில் குறியைத் திருப்பும் வேலையே இல்லை, ஆகவே பிழையும் குறைவு. தொடக்கத்தில் இதையே பரிந்துரைப்போம். ஆனால் −4 < க என்பதையும் க > −4 என்பதையும் ஒன்றாக வாசிக்கப் பழகியிருக்க வேண்டும். குறி ஏன் திரும்புகிறது என்பதை எண்கோட்டில் ஒருமுறை பார்த்துவிடுவதும் நல்லது. 3 < 5 என்ற இரு எண்களும் −1-ஆல் பெருக்கினால் பூச்சியத்தின் மறுபக்கம் கண்ணாடிப் பிம்பம்போல் விழும், வலப்பக்கம் இருந்தது இடப்பக்கம் ஆகும். இதைக் காணாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் 2க < −8 என்பதிலும், எங்கோ ஒரு குறை எண் தென்பட்டதற்காக, குறியைத் திருப்பிவிடுகிறார்கள். திருப்புவது எதனால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. எதை வகுக்கிறோம் என்பதைப் பொறுத்ததல்ல.

சோதிக்கும் முறையும் இங்கே வேறு. தீர்வு ஒரு எண்ணல்ல, எண்களின் ஒரு நீட்டம். ஆகவே இரண்டு சோதனை வேண்டும். எல்லை மதிப்பைப் போட்டால் இரு பக்கமும் சமமாக வேண்டும்: க = −4 எனில் 7 + 8 = 15, எல்லை சரி. பிறகு தீர்வின் பக்கமுள்ள ஒரு எண்ணைப் போட வேண்டும்: க = 0 எனில் 7 < 15, பக்கமும் சரி.

அதிக நேரம் கேட்பவை மாறி பகுதியில் இருக்கும் கணக்குகள். (2க + 1)/(க − 3) ≤ 1 என்பதில் இருபுறமும் க − 3-ஆல் பெருக்கி 2க + 1 ≤ க − 3, ஆகவே க ≤ −4 என்று முடிப்பவர்கள் பலர். −10-ஐப் போட்டுப் பாருங்கள்: 19/13, ஒன்றைவிடப் பெரியது. விடைக்குள் இருக்க வேண்டிய எண் அசமன்பாட்டை மீறுகிறது. 0-ஐப் போட்டால் −1/3, நிபந்தனைக்கு உட்பட்டது, ஆனால் விடையில் இல்லை. க − 3 மிகையா குறையா என்று தெரியாமல் அதனால் பெருக்கியதன் விளைவு இது. சரியான வழி 1-ஐ இடப்பக்கம் கொண்டுவந்து ஒரே பின்னமாக்குவது: (க + 4)/(க − 3) ≤ 0. தீர்வு −4 ≤ க < 3. 3-இல் பகுதி பூச்சியம் என்பதால் அந்த முனை திறந்தே இருக்கும்.

இந்தப் பின்னத்தைத் தீர்க்க மூன்று முறைகள் புழக்கத்தில் உள்ளன. 'இது மிகை அது குறை, அல்லது இது குறை அது மிகை' என்று நிலைகளாகப் பிரிப்பது தர்க்கத்தில் தெளிவானது. ஆனால் 'மற்றும்' எங்கே, 'அல்லது' எங்கே என்ற சிக்கலில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். காரணி மூன்றானால் நிலைகளும் பெருகும். குறி அட்டவணை போடுபவர் எண்கோட்டில் −4, 3 இரண்டையும் குறித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு காரணியின் குறியையும் எழுதிப் பெருக்குவார். காரணி எத்தனை இருந்தாலும் இது தாங்கும். வெறும் இருபடி அசமன்பாட்டுக்கு மட்டும் பரவளையத்தைக் கைப்போக்கில் வரைவது எல்லாவற்றையும்விட வேகம். க² − க − 6 > 0 என்பதன் மூலங்கள் −2, 3. பரவளையம் மேல்நோக்கித் திறப்பதால் அச்சுக்கு மேலே இருப்பது வெளிப்பக்கம்: க < −2 அல்லது க > 3. க² < 9-க்கு 'க < ±3' என்று எழுதும் பழக்கமும் இந்தப் படம் ஒன்றிலேயே ஒழிந்துவிடும்.

குறி அட்டவணையில் ஒரு பொறி உண்டு. துண்டுக்குத் துண்டு குறி மாறி மாறி வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிறார்கள். (க − 1)²(க + 2) ≥ 0 என்பதில் 1-ஐக் கடக்கும்போது குறி மாறாது, ஏனெனில் அந்தக் காரணி வர்க்கமாக நிற்கிறது. தீர்வு க ≥ −2 முழுவதும்.

மட்டுக்குறி உள்ளவற்றைத் தூரமாக வாசித்தால் போதும். |க − 2| < 5 என்றால் 2-இலிருந்து 5-க்கும் குறைந்த தூரம்: −3 < க < 7. |க − 2| > 5 என்றால் இரண்டு தனித்தனித் துண்டுகள், அவற்றை ஒரே வரியில் கோத்து எழுதவே கூடாது.

அசமன்பாட்டுக்கு ஜியோஜீப்ரா, டெஸ்மாஸ் போன்ற வரைபடச் செயலிகள் உண்மையாகவே பயன்படும். கையால் தீர்த்தபின் திரையில் போட்டு, நிழலிட்ட பகுதி விடையோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.

வார்த்தைக் கணக்கு: எழுதுவதற்கு முன்னால் நடப்பது

'இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள். மாணவர் எண்ணிக்கை மா, பேராசிரியர் எண்ணிக்கை பே எனில் சமன்பாடு என்ன?' என்ற கேள்வி கணிதக் கல்வி ஆய்வில் புகழ்பெற்றது. கிளெமென்ட்டும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1980-களின் தொடக்கத்தில் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் இதைக் கேட்டபோது 37 சதவீதம் பேர் தவறாகவே எழுதினார்கள். பெரும்பாலான பிழை 6மா = பே. சரியானது மா = 6பே. சொற்கள் வந்த வரிசையிலேயே குறிகளை வைப்பது ஒரு காரணம். 'மா' என்பதை எண்ணிக்கையாக நினைக்காமல் 'மாணவர்' என்ற சொல்லின் சுருக்கமாக நினைப்பது இன்னொன்று. மாற்று மருந்து எளிது: பே = 10 என்று வைத்தால் மாணவர் 60, இப்போது எழுதிய சமன்பாடு நிற்கிறதா?

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கும் முறையை, எவ்வளவு பரவலாகக் கற்பிக்கப்பட்டாலும், நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். தமிழில் அது குறிப்பாகக் காலை வாரும். 'ஒரு எண்ணைவிட 5 குறைவு' என்றால் க − 5, '5-லிருந்து ஒரு எண்ணைக் கழிக்க' என்றால் 5 − க. 'ஓர் எண்ணின் மும்மடங்குடன் 4-ஐக் கூட்ட' 3க + 4 ஆகும், 'ஓர் எண்ணுடன் 4-ஐக் கூட்டி மும்மடங்காக்க' 3(க + 4) ஆகும். அசமன்பாட்டில் இன்னும் மோசம். 'குறைந்தது 40' என்பதில் 'குறை' இருப்பதால் < போட்டுவிடுகிறார்கள், ஆனால் அது ≥ 40. 'அதிகபட்சம்', 'மிகாமல்' இரண்டும் ≤. 'குறையாமல்' ≥. '40-ஐவிட அதிகம்' என்றால் > மட்டுமே, 40 சேராது. இந்த ஐந்தாறு தொடர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 39, 40, 41 மூன்றில் எது பொருந்தும் என்று குறித்துப் பார்ப்பது பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடம் பல மதிப்பெண்ணுக்குச் சமம்.

இதைவிடச் சிறந்த வழி, ஊகித்துச் சோதித்து, அந்தச் சோதனையையே சமன்பாடாக்குவது. முக்காலிகளும் நாற்காலிகளும் சேர்ந்து 40, கால்கள் மொத்தம் 145, நாற்காலி எத்தனை? 20 என்று ஊகிக்கலாம். 20 × 4 + (40 − 20) × 3 = 140, போதவில்லை. இந்த வரியில் ஊகித்த 20 எங்கெல்லாம் வந்ததோ அங்கெல்லாம் க போட்டால் 4க + 3(40 − க) = 145. விடை 25. எதை மாறியாக வைப்பது, எதற்கு எது சமம் என்ற இரண்டு கேள்விக்கும் ஊகமே பதில் சொல்லிவிடுகிறது. கோடிங்கர், நேத்தன் இருவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கணிதம் கற்கத் தொடங்கியவர்கள் வெறும் சமன்பாட்டைவிட அதே கணக்கைக் கதையாகக் கொடுத்தபோது நன்றாகச் செய்தார்கள். ஊகம், பின்னோக்கிக் கணக்கிடுதல் போன்ற தங்கள் சொந்த வழிகளை அவர்கள் பயன்படுத்த முடிந்தது. ஆகவே வார்த்தைக் கணக்கைக் கடைசி வரை தள்ளிவைக்க வேண்டியதில்லை, முதல் வாரத்திலேயே தொடங்கலாம்.

ஒரு மாறியா, இரு மாறியா? தொடக்கத்தில் இரு மாறி எழுதச் சுலபம், தீர்க்க ஒரு வரி அதிகம். எழுதுவதில்தான் பிழை என்றால் இரு மாறி, தீர்ப்பதில்தான் பிழை என்றால் ஒரு மாறி. வயது, கலவை, தூரம் மூன்றுக்கும் அட்டவணையே சிறந்தது. ஒரு தாயின் வயது மகளின் வயதைப் போல் 4 மடங்கு, 6 ஆண்டில் 3 மடங்காகும் என்ற கணக்கில் 'இப்போது', '6 ஆண்டுக்குப் பின்' என்று இரண்டு நிரல் போட்டால் மகளின் வயதுக்கும் 6 கூட்ட மறக்க முடியாது: 4க + 6 = 3(க + 6), மகள் 12, தாய் 48. 20 சதவீதக் கரைசல் 5 லிட்டருடன் 50 சதவீதக் கரைசல் எவ்வளவு சேர்த்தால் 30 சதவீதமாகும் என்பதில் மொத்த அளவு 5 + க ஆகிவிட்டதை அட்டவணைதான் நினைவூட்டும்: 1 + 0.5க = 0.3(5 + க), க = 2.5 லிட்டர். போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், வரும்போது 40, மொத்தம் 5 மணி நேரம் என்றால் சராசரி 50 என்று எடுத்து 125 கிலோமீட்டர் என்பவர்கள் நேரத்துக்கு நிரல் போடாதவர்கள். க/60 + க/40 = 5, க = 120. மெதுவாக வந்த நேரம் நீளம் என்பதால் உண்மைச் சராசரி 48. 45 நிமிடத்தை 0.45 மணி என்று எழுதுவதும் இங்கே அடிக்கடி நிகழும், அது 0.75.

அசமன்பாட்டு வார்த்தைக் கணக்கில் கடைசி அடியும் கவனம் கேட்கும். 500 கிலோவுக்கு மிகாத லிஃப்ட்டில் 70 கிலோ எடையுள்ள ஒருவருடன் 12 கிலோ பெட்டிகள் எத்தனை ஏறும்? 12க + 70 ≤ 500, க ≤ 35.83, விடை 35. 215 பேரை 40 இருக்கை வண்டிகளில் ஏற்ற 5.375 வருகிறது, விடை 6. மேலே முழுமையாக்குவதா கீழேயா என்பதைக் கணக்கின் சூழல் சொல்லும், தசமப் புள்ளிக்குப் பின் வரும் எண் சொல்லாது. விடையைச் சோதிப்பதும் கேள்வியின் சொற்களில்தான், எழுதிய சமன்பாட்டில் அல்ல.

கேமரா செயலிகளும் பிழைக் குறிப்பேடும்

போட்டோமேத் போன்ற, படம் எடுத்தால் படிப்படியாகத் தீர்த்துக் காட்டும் செயலிகளைத் திறப்பதற்கு முன் தாளில் ஒரு முழு முயற்சி இருக்க வேண்டும். திறந்தபின் விடையைப் பார்க்காமல், தன் வரிகளும் அதன் வரிகளும் முதன்முதலில் எங்கே பிரிகின்றன என்று தேட வேண்டும். அந்த ஒரு வரிக்காகத்தான் செயலி. வார்த்தைக் கணக்கில் இதன் பயன் குறைவு, ஏனெனில் கடினமான பகுதி சமன்பாடு உருவாவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. நேரம் வைத்து ஓடும் விரைவுப் பயிற்சிச் செயலிகள் குறிகளுக்கும் பெருக்கலுக்கும் நல்லவை, அதற்கு மேல் வேண்டாம்.

நாளுக்கு 40 நிமிடம் கிடைக்கிறது என்றால்: முதல் 5 நிமிடம் பழைய பிழைகளை மறுபடி போட, 10 நிமிடம் புதிய முறைக்கு எடுத்துக்காட்டும் ஜோடிக் கணக்கும், 20 நிமிடம் கலப்புத் தாள், 5 நிமிடம் சோதனை. பிழைகளை 'கவனக்குறைவு' என்று எழுதி மூடிவிடக் கூடாது. குறி, அடைப்பு, பின்னம், கேள்வியை வாசித்தது, முறையைத் தேர்ந்தது என்று ஐந்து வகையில் ஒன்றாகக் குறித்துவைத்தால் ஐம்பது பிழை சேர்வதற்குள் எது தன் நோய் என்று தெரியும். முதல் மூன்று வகை அதிகம் என்றால் சில நாள் அடுக்குப் பயிற்சிக்குத் திரும்பலாம். கடைசி இரண்டும் அதிகம் என்றால் இன்னும் கலக்க வேண்டும்.

தவறிய கணக்கை மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என மூன்று முறை வெற்றுத் தாளில் போட வேண்டும். மூன்றாம் முறையும் அதே வரியில் தவறினால் அந்தக் கணக்கை மறுபடி போடுவதில் பயனில்லை. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து, எண்களை மாற்றி, ஆறு முறை எழுதிப் பார்த்துவிட்டுத் திரும்ப வரலாம்.